அனாமத்துக் கணக்கு

1987 பிப்ரவரி 23, திங்கட்கிழமை, மதியம் 1 மணி 5 நிமிடம். களக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அலுமினியத் தட்டும் கையுமாகச் சத்துணவு வரிசையில் நின்றிருந்தேன்.

நினைவிலிருந்து சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு முன்னால் நின்றது யார், சாம்பாரில் காய் கிடந்ததா, ஒன்றும் ஞாபகம் இல்லை. கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ஒன்பது வயசுப் பையன், திங்கட்கிழமை, மதியம் ஒரு மணி. வேறெங்கே நின்றிருப்பான்?

அந்த நிமிடத்தில் தெற்கேயிருந்து, கடலுக்கும் தொடுவானத்துக்கும் கீழேயிருந்து, தரையைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு ஒரு வெள்ளம் என் உடம்பு வழியே ஏறிப் போயிருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கோடி என்ற அளவில் துகள்கள். பத்துப் பன்னிரண்டு வினாடிதான் நீடித்தது. தட்டில் சோறு விழுந்திருக்கும், நான் நகர்ந்திருப்பேன், அவ்வளவுதான். ஒன்றரை லட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால், பெரிய மெகல்லன் மேகம் என்கிற குட்டி விண்மீன் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் தன் நடுவயிறு இற்று உள்ளே விழுந்து செத்துப்போன சேதி அது. சேதி கொண்டுவந்தவை நியூட்ரினோக்கள்.

ஜப்பானில் கமியோக்கா சுரங்கத்தின் தண்ணீர்த் தொட்டியில் அவற்றில் 11 சிக்கின. அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரை உப்புச் சுரங்கத்தில் 8. காகசஸ் மலைக்கு அடியில் பக்சானில் 5. உலகம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு டஜன். அந்த இரண்டு டஜனை வைத்துக்கொண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. கமியோக்கா குழுத் தலைவர் கொஷிபா அடுத்த மாதமே பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற இருந்தவர். 2002இல் நோபல் பரிசு வந்தது. அவர் தொட்டி கட்டியதே வேறொரு காரியத்துக்கு: புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க. அது சிதையவே இல்லை. வலை போட்டது ஒன்றுக்கு, விழுந்தது இன்னொன்று. உவரி மீனவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

நட்சத்திரத்தின் வெளிச்சம் சில மணி நேரம் பிந்தித்தான் வந்தது. வெடிப்பு உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து சேர்ந்த பிறகே வெளிச்சம் கிளம்ப முடியும்; நியூட்ரினோவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அந்த மார்ச் மாதம் பொழுதடைந்ததும் உவரிக் கடற்கரையில் தெற்கே பார்த்து நின்றால், கடல்மேல் பன்னிரண்டு பாகை உயரத்தில் மங்கலாக ஒரு புதுப் புள்ளி, இடம் தெரிந்து தேடுகிற கண்ணுக்குத் தட்டுப்பட்டிருக்கும். எங்கள் வீட்டில் அப்போது வானத்தைப் பார்ப்பது மழைக்கு மட்டும்தான்.

*

அப்பா ரைஸ் மில் கணக்கப்பிள்ளை. காலையில் சிட்டை, சாயந்திரம் நாள்வழி, ராத்திரி பேரேடு. கணக்கு உதைத்தால் சாப்பாடு இறங்காது. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சட்டிக்கு மூடி போட்டுவிட்டுப் படுத்துவிடுவாள்.

மில் கணக்கு கேட்பதற்கு எளிது. உள்ளே போகிற நெல்லுக்கு எடை, வெளியே வருகிற அரிசி, தவிடு, உமிக்கு எடை. நூறு கிலோ நெல்லுக்கு அரிசி அறுபத்தைந்துக்கு மேல், தவிடு ஏழெட்டு, உமி இருபது சொச்சம். கூட்டினால் நூறு வராது, கொஞ்சம் குறையும். தூசி, ஈரம், சிந்தல். அதற்குச் சேதாரம் என்று பெயர், அதற்கும் ஒரு பத்தி உண்டு. அப்பா இதில் ஒரு நுணுக்கம் வைத்திருந்தார். விடுமுறையில் மில்லுக்குப் போய் அவர் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு நாள் சொன்னார்.

“எய்யா, தினமும் ஒரே மாதிரி குறைஞ்சா அது சேதாரம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி குறையுதுன்னா, கூட ஒருத்தன் இருக்கான்னு அர்த்தம்.”

பிற்பாடு பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தபோது பீட்டா சிதைவு என்ற பாடம் வந்தது. வாத்தியார் கரும்பலகையில் ஒரு மலைமேடு மாதிரி வளைகோடு வரைந்தார். மற்ற பையன்கள் நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தவிட்டு வாசம் அடித்தது.

விஷயம் இதுதான். கதிரியக்க அணுக்கரு ஒன்று சிதைந்து வேறொரு கருவாகிறது, ஒரு எலக்ட்ரான் வெளியே தெறிக்கிறது. முன்னால் இருந்த ஆற்றலும் பின்னால் இருக்கிற ஆற்றலும் தெரியும். வித்தியாசத்தை எலக்ட்ரான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். இரண்டே பங்காளிகள் என்றால் எலக்ட்ரானின் பங்கு எப்போதும் ஒரே தொகையாக இருக்கவேண்டும். 1914இல் சாட்விக் அளந்து பார்த்தார். ஒரு தடவை முழுப் பங்குக்கும் கிட்டத்தட்ட வந்தது, ஒரு தடவை பாதி, ஒரு தடவை கால். 1927இல் எல்லிஸும் வூஸ்டரும் சிதைவின் மொத்த வெப்பத்தையே அளந்து, அளவையில் பிழை இல்லை என்று உறுதி செய்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி குறைந்தது.

நீல்ஸ் போர் அந்தக் காலத்து இயற்பியலின் பெரிய தலை. அணுவுக்குள்ளே ஆற்றல் அழியாது என்ற விதியே சரியாகச் செல்லாதோ என்று யோசித்தார், சராசரியில் சரியாக இருந்தால் போதுமே என்று. முதலாளியே வந்து ‘கணக்கை விடும்வே’ என்கிற மாதிரி. வியன்னாவில் பிறந்த வொல்ப்காங் பாவ்லி விடவில்லை. 1930 டிசம்பர் 4 அன்று சூரிச்சிலிருந்து ட்யூபிங்கனில் கூடியிருந்த நிபுணர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘அன்பார்ந்த கதிரியக்கப் பெருமாட்டிகளே, பெருமான்களே’ என்று ஆரம்பிக்கும். எலக்ட்ரானோடு கூடவே மின்னூட்டம் இல்லாத இன்னொரு துகளும் வெளியேறுகிறது, இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் தொகை மாறுகிறது என்றார். கூட ஒருத்தன் இருக்கான். தாம் நேரில் வர முடியாததற்கு அவர் எழுதிய காரணம், சூரிச்சில் அந்த வாரம் ஒரு நடன விருந்து!

இதைப் படித்த சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

“அனாமத்துல வச்சிருக்கான்.”

அனாமத்து என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. பணம் வந்திருக்கும், யாருடையது என்று தெரியாது. சரக்கு குறைந்திருக்கும், எங்கே போனது என்று தெரியாது. அதை அழிக்கவும் கூடாது, வேறொருவர் தலையில் எழுதவும் கூடாது. பேரேட்டின் கடைசியில் அனாமத்து என்று தலைப்புப் போட்டு, தேதியும் தொகையும் எழுதி வைப்பார்கள். ஆள் தெரியும்போது அந்த வரியை அடித்துவிட்டு உரிய பக்கத்துக்குக் கொண்டுபோவார்கள். நான் வேலை பார்க்கிற வங்கியில் இதற்கே சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர். பெயரில்தான் பகட்டு, பக்கம் அதே பக்கம்தான்.

“பெறகு ஆளப் புடிச்சானா?” என்று அப்பா கேட்டார்.

பிடித்தார்கள், இருபத்தைந்து வருஷம் கழித்து. நடுவில் 1932இல் சாட்விக் வேறொரு கனத்த துகளைக் கண்டுபிடித்து நியூட்ரான் என்ற பெயரை எடுத்துக்கொண்டுவிட்டதால், பாவ்லியின் துகளுக்கு இத்தாலிய மொழியில் ‘குட்டி’ என்று அர்த்தம் வருகிற விகுதி சேர்த்து நியூட்ரினோ என்றார்கள். என்ரிக்கோ பெர்மி அந்தப் பெயரை ஊரறியச் செய்ததோடு, பீட்டா சிதைவுக்கு முழுக் கோட்பாடும் எழுதினார். தமிழில் நுண்நொதுமி என்கிறார்கள். நல்ல சொல்தான். டீக்கடையில் வாய்க்குள் நுழையாது.

1934இல் பெத்தே, பையர்ல்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இது எவ்வளவு அபூர்வமாக மோதும் என்று மதிப்பிட்டார்கள். பூமியை அது பூமி என்றே மதிக்காமல் போய்விடும் என்று வந்தது. ஓர் ஒளியாண்டு கனத்துக்கு ஈயத்தை அடுக்கினாலும் கிட்டத்தட்ட பாதி அந்தப் பக்கம் வந்துவிடும். ஆளே பிடிக்க முடியாத துகளைச் சொல்லிவிட்டோமே என்று பாவ்லிக்கே உறுத்தல் இருந்தது.

பிடித்த விதம், ஒன்று மோதாவிட்டால் கோடி கோடியாக அனுப்பிப் பார்ப்பது. அமெரிக்க இயற்பியலாளர்கள் ரெய்ன்ஸும் கோவனும் முதலில் அணுகுண்டு வெடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி அளக்கலாமா என்று திட்டம் போட்டார்கள். நல்லவேளை, அணு உலை போதும் என்று தோன்றியது. சவானா ரிவர் உலையிலிருந்து பதினோரு மீட்டரில், தரைக்கு அடியில், காட்மியம் கரைத்த தண்ணீர்த் தொட்டிகளை வைத்தார்கள். நியூட்ரினோ மோதினால் முதலில் ஒரு மின்னல். சில மைக்ரோ வினாடி கழித்து, காட்மியம் நியூட்ரானை விழுங்கும்போது இன்னொரு மின்னல். ஒற்றை மின்னலை நம்பக்கூடாது, இரட்டையை நம்பலாம். மணிக்கு ஏறக்குறைய மூன்று வந்தன. 1956 ஜூன் 14 அன்று பாவ்லிக்குத் தந்தி போனது. ரெய்ன்ஸுக்கு நோபல் 1995இல் கிடைத்தது. கோவன் 1974லேயே போய்விட்டார்.

*

அப்பாவுக்குப் பிடித்தது பாவ்லி கதை. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கதை. அதில் கணக்கு இன்னும் மோசமாக உதைத்தது.

அமெரிக்காவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், ரே டேவிஸ் என்கிற வேதியியலாளர் 615 டன் பெர்குளோரோஎத்திலீனை ஒரு தொட்டியில் நிரப்பினார். டிரை கிளீனிங் கடையில் பட்டுச்சேலை வெளுக்கிற திரவம். சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோ ஒன்று அதிலுள்ள குளோரினில் மோதினால் ஓர் ஆர்கான் அணு உண்டாகும். சில வாரத்துக்கு ஒருமுறை ஹீலியத்தை ஊதி, அத்தனை டன்னுக்குள்ளிருந்து பத்துப் பதினைந்து அணுக்களைத் துழாவி எடுத்து எண்ணுவார். வைக்கோற்போரில் ஊசி தேடுவதெல்லாம் இதற்கு முன்னால் விளையாட்டு. 1960களின் கடைசியில் தொடங்கி முப்பது வருஷத்துக்குப் பக்கம் எண்ணிக்கொண்டே இருந்தார். ஜான் பாக்கால் என்கிற கோட்பாட்டாளர் சூரியனுக்குள் நடப்பதைக் கணக்கிட்டு இவ்வளவு வரவேண்டும் என்றார். வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு.

முப்பது வருஷம்! எங்கள் மில்லாக இருந்தால் மூன்றாவது நாளே கணக்கப்பிள்ளையை மாற்றியிருப்பார்கள். டேவிஸின் எண்ணிக்கை தப்பு என்றார்கள், பாக்காலின் சூரியன் தப்பு என்றார்கள். இரண்டு பேரும் தங்கள் தங்கள் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துக்கொண்டு நட்பாகவே இருந்தார்கள். எனக்கு நியூட்ரினோவைவிட இந்த நட்பு பெரிய அதிசயம்.

கடைசியில் இருவருமே சரி. தொலைந்தது போலத் தெரிந்த மூன்றில் இரண்டு பங்கும் தொலையவில்லை. நியூட்ரினோவில் மூன்று வகை: எலக்ட்ரான் வகை, மியூவான் வகை, டௌ வகை. சூரியனில் பிறக்கும்போது எல்லாம் எலக்ட்ரான் வகை. வழியில் மாறுகின்றன. டேவிஸின் தொட்டிக்கு எலக்ட்ரான் வகையை மட்டும்தான் எண்ணத் தெரியும். வரவு வந்திருக்கிறது, பேரேட்டில் வேறு பக்கத்தில் ஏறியிருக்கிறது. கனடாவின் சட்பரி நிக்கல் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், ஆயிரம் டன் கனநீர் நிரப்பி மூன்று வகையையும் சேர்த்து எண்ணியபோது, 2002 வாக்கில், பாக்கால் சொன்ன மொத்தத் தொகை வந்து நின்றது. (கனநீர் எங்களுக்கு அந்நியமில்லை. தூத்துக்குடியில் அதற்கென்றே ஆலை போட்டார்கள்.) அதற்கு முன்பே, 1998இல், ஜப்பானின் சூப்பர் கமியோக்கண்டே 50,000 டன் தண்ணீரை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களும் இப்படி மாறுகின்றன என்று காட்டிவிட்டது. இந்த இரண்டு ஆய்வுகளுக்காகக் கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் 2015 நோபல்.

மாறவேண்டும் என்றால் நிறை இருக்கவேண்டும். எவ்வளவு என்று இன்றுவரை எடை போட முடியவில்லை. எலக்ட்ரானின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே என்பதுவரை நெருக்கிவிட்டார்கள். அந்த வரி இன்னும் அனாமத்தில்தான் நிற்கிறது.

*

இனி டீக்கடை. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் நான் வழக்கமாக நிற்கிற கடையில் வாழைத்தார் நான்கைந்து எப்போதும் தொங்கும்: கோழிக்கூடு, நாடு, கதலி. களக்காட்டுத் தார் என்பதால் எனக்குச் சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி. தேனிப் பக்கம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் என்று 2015இல் பேப்பரெல்லாம் முழங்கிய சமயம். அண்ணாச்சி பாய்லருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“தம்பி, நீங்க அந்தப் படிப்பு படிச்சவியதான. அந்த நியூட்ரினோ நம்ம பக்கம் வந்துட்டா என்னவே ஆகும்?”

“வந்துக்கிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி. இப்பவும் உங்க மேல விழுது.”

நான் தப்பாக ஆரம்பித்துவிட்டேன். சூரியனிலிருந்து ஒரு கட்டைவிரல் நகத்து அளவில் வினாடிக்கு 6,500 கோடி. ராத்திரியானால் சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் போய்விடும், அப்போது மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தால் பாய்க்கு அடியிலிருந்து மேலே வரும். ஆயுசு முழுக்க உங்கள் உடம்பில் ஒன்று மோதினால் பெரிது என்று அடுக்கினேன். அவர் பேசாமல் கேட்டார்.

“இந்தத் தாருல இருந்தும் வரும். பழத்துல பொட்டாசியம் இருக்குல்லா, அதுல துளியூண்டு கதிரியக்கப் பொட்டாசியம். ஒரு பழம் வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு விடும். உங்க உடம்புலயும் அது இருக்கு. ஒரு நாளைக்கு முப்பது கோடிக்கு மேல நீங்களே விடுதீய.”

“நானா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை, ஒரு கோழிக்கூட்டைப் பிய்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ கூடங்குளத்துல இருந்து?”

அந்தக் கேள்விக்கு அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கூடங்குளத்தின் இரண்டு உலைகளும் முழு வேகத்தில் ஓடினால், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் மின்சாரத்துக்காக ஏறக்குறைய 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாக்கும். அணுப்பிளவு ஒவ்வொன்றுக்கும் சுமார் ஆறு எதிர்நியூட்ரினோ, அதாவது நியூட்ரினோவின் எதிர்த்துகள். உலையில் பிறக்கிற ஆற்றலில் இருபதில் ஒரு பங்கை அவை கொண்டுபோய்விடும். எந்தச் சுவராலும் தடுக்க முடியாது, எந்த மீட்டரிலும் ஏறாது. பாளையங்கோட்டை அங்கிருந்து காக்கை பறக்கிற வழியில் 60 கிலோமீட்டர். ராதாபுரம், வள்ளியூர், நாங்குநேரி என்று நிறுத்தி நிறுத்தி பஸ் வருகிற தூரத்தை நியூட்ரினோ வினாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கில் கடந்துவிடும். பூமி உருண்டை என்பதால் அதற்கு நேர்வழி நாங்குநேரிக்கு அடியில், தரைக்குள்ளே. இங்கே வந்து சேரும்போது நகத்தளவுக்கு வினாடிக்கு 25 லட்சம். பயப்பட வேண்டாம், சூரியன் கொடுப்பதில் 26,000இல் ஒரு பங்கு. உலைக்கு மூன்றே கிலோமீட்டரில் குடியிருப்பவருக்குக்கூடச் சூரியனுடைய பங்குதான் பல மடங்கு அதிகம்.

கணக்கு முடிந்ததும்தான் அந்த 60 என்ற எண் கண்ணில் உறைத்தது.

உலை நியூட்ரினோக்கள் வகை மாறுவதற்கு ஒரு தூரக் கணக்கு உண்டு. பக்கத்திலேயே நின்றால் மாற்றம் தெரியாது, ரொம்பத் தள்ளிப்போனால் எல்லாம் கலந்து குழம்பிவிடும். நன்றாக மாறி நிற்கிற இடம் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். சீனாவில் ஜுனோ என்ற ஆய்வகத்தை இரண்டு அணுமின் நிலையங்களிலிருந்தும் 53 கிலோமீட்டரில், 700 மீட்டர் ஆழத்தில் தோண்டினார்கள். 35 மீட்டர் குறுக்களவில் அக்ரிலிக் உருண்டை, உள்ளே 20,000 டன் ஒளிரும் திரவம். அந்தத் தூரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான். நான் உட்கார்ந்து டீ குடிக்கிற பெஞ்சு கூடங்குளத்துக்கு ஏறக்குறைய அதே தூரம். அங்கிருந்து எலக்ட்ரான் வகையாகக் கிளம்புகிறவை, ஒரு குறிப்பிட்ட ஆற்றலில், மார்க்கெட் வந்து சேரும்போது ஐந்தில் நான்கு பங்கு வேறு வகையாகிவிட்டிருக்கும். மேலப்பாளையம், சமாதானபுரம், வண்ணார்பேட்டை என்று எங்கும் இந்த மாற்றம் அன்றாடம் நடந்துகொண்டிருக்கிறது, எண்ணத்தான் ஆளில்லை. நாங்கள் யாரும் தேர்ந்தெடுக்காமலே சரியான இடத்தில் ஊர் அமைந்துவிட்டது.

*

தேனிக் கதையைத் தாண்டிப் போக முடியாது.

நம் நாடு இதில் பிந்தி வந்த நாடு இல்லை. கோலார் தங்கவயலில், தமிழ் பேசுகிற தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை இறக்கி, வளிமண்டல நியூட்ரினோவை 1965இல் பிடித்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் மூன்றும் சேர்ந்த குழு. அதே சமயத்தில் ரெய்ன்ஸ் குழு தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில். இரண்டு அறிவிப்பும் ஒரே ஆகஸ்டில் அச்சேறின. அப்படி இருந்த இடம் 1990களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. 2001இல் சுரங்கமே மூடியாயிற்று, தண்ணீர் ஏறிவிட்டது.

புது இடம் தேடினார்கள். நீலகிரியில் சிங்காரா, யானை வழித்தடமும் முதுமலையும் பக்கத்தில் என்பதால் 2009இல் கைவிடப்பட்டது. அடுத்தது போடி மேற்கு மலை. கல்லுக்குள் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை, சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத சார்னோகைட் பாறை, உள்ளே 50,000 டன் காந்த இரும்பு. நியூட்ரினோ இரும்பில் மோதும்போது பிறக்கிற மியூவான் என்ற துகளின் மின்னூட்டம் நேரா எதிரா என்று பிரித்துப் பார்க்க அந்தக் காந்தம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. எங்கள் கலிங்கப்பட்டிக்காரரான வைகோ வழக்குப் போட்டார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் பணி தொடங்கக்கூடாது என்று அந்த மார்ச்சிலேயே உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மறுபடி அனுமதி. 2022இல் தமிழக அரசு, புலிகளின் வழித்தடத்தைக் காட்டி, வேண்டாம் என்று உச்சநீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மதுரையில் 85 டன்னுக்கு ஒரு குட்டி மாதிரி மட்டும் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள்.

என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். நியூட்ரினோ கதிர்வீச்சு வந்து கிணறு கெடும், கரு கலையும் என்று பேசியவர்கள் தப்பாகப் பேசினார்கள். ஆய்வகம் நியூட்ரினோவை உண்டாக்காது, வருவதில் ஒன்றிரண்டை எண்ணும். அவ்வளவுதான். இதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் மலையைக் குடைவதைப் பற்றிக் கேட்டவர்கள் தப்பாகக் கேட்கவில்லை. களக்காட்டில் பிறந்தவனுக்கு மலை என்றால் தண்ணீர். பாறை உடைத்த தூள் எங்கே போகும், வெடிக்கு ஓடை என்ன ஆகும், முல்லைப் பெரியாறு எவ்வளவு தூரம் என்ற கேள்விகளுக்கும் நியூட்ரினோவுக்கும் சம்பந்தமே இல்லை. கிணறு வெட்டினாலும் கேட்கவேண்டிய கேள்விகள்தான். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, ‘அறிவியல் தெரியாத சனம்’ என்று ஓரத்தில் வைத்ததில்தான் எனக்கு ஆத்திரம்.

அந்தச் சமயம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் படம் போட்டார், நல்ல படங்கள்தான். முடிவில், பின்வரிசையிலிருந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் எழுந்தார். “எய்யா, வெடி வச்சா ஊத்து கண்ணு அடைச்சுக்கிடாதா?” என்றார். ரொம்பத் தெளிவான கேள்வி, நிலவியல் தெரிந்தவர் பதில் சொல்லவேண்டிய கேள்வி. மேடையில் இருந்தவர் சிரித்துவிட்டு, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார். பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நானும் எழுந்து ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடத்தில் நான் என் அப்பாவுக்குப் பிள்ளையாக நடந்துகொள்ளவில்லை. ஊற்றுக்கண் கேள்வியை யாராவது தேதி போட்டு எழுதி வைத்திருக்கவேண்டும்.

*

அப்பா போன பிறகு அவர் தகரப்பெட்டியைத் திறந்தேன். மில் கணக்கெல்லாம் முதலாளி வீட்டில். இவர் கையோடு வைத்திருந்தது ஒரு பழைய நோட்டு, அனாமத்து மட்டும் தனியாகப் பிரதி எடுத்தது. பத்துப் பன்னிரண்டு வரி. எல்லாம் சிவப்பு மசியில் அடித்து, அடித்த தேதியும் பக்கத்தில். ஒரு வரியில் மட்டும் கோடு இல்லை. ‘மூட்டை 1. ஆள் தெரியவில்லை.’ வருஷம் மில் மூடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால். அந்த ஒரு மூட்டைக்காக அவர் எத்தனை ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்தாரோ, அம்மாவைக் கேட்டால் தெரியும். கேட்கவில்லை.

ஜுனோ 2025 ஆகஸ்டில் எண்ணத் தொடங்கிவிட்டது. அண்ணாச்சிக்கு இப்போது தலை முழுக்க நரை. பத்து வருஷம் முன்னால் கேட்டதை அவர் மறந்திருப்பார் என்று நினைத்து, போன வாரம் நானே பேச்சை எடுத்தேன். சீனாவில் உலையிலிருந்து ஐம்பத்து மூன்று கிலோமீட்டரில் உருண்டை வைத்து நாளுக்குச் சில டஜன் எண்ணுகிறார்கள், நாம் இருப்பதும் கூடங்குளத்திலிருந்து அதே தூரம்தான் என்றேன்.

“அவன் ஊரு உலைக் கணக்க அவன் பாத்துக்கிடுதான்,” என்றார், பாலை ஆற்றிக்கொண்டே. “நம்ம கூடங்குளத்துக் கணக்க யாரு பாக்கா?”

“யாரும் இல்ல அண்ணாச்சி.”

“அப்போ தெனமும் வந்து போறது எல்லாம்?”

தாரிலிருந்து ஒரு கோழிக்கூட்டைப் பிய்த்துக்கொண்டேன். சில்லறை இல்லை. “ரெண்டு டீ, ஒரு பழம். எழுதிக்கிடுங்க,” என்றேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.